மாசம் 1,100 ரூபாய்: எங்க மொட்டை மாடி சொல்லித் தந்த கணக்கு

கோபாலபுரத்துல சொந்த வீடுன்னு சொன்னாலே கிளாஸ்ல ஒரு தனி மரியாதை வந்துடுது. "கலைஞர் வீட்டுக்குப் பக்கமா மச்சி?" இதுதான் முதல் கேள்வி. நாலாவது தெரு, வேணுகோபால சுவாமி கோயில், அதை ஒட்டி கலைஞர் வீடு. எங்க வீடு அங்கிருந்து நடக்கிற தூரம்தான். அடுத்தது கேள்வி இல்லை, தீர்ப்பு: "அப்போ நீ கோடீஸ்வரன்டா."

பேப்பர்ல பார்த்தா அது பொய் இல்லை. இந்தப் பக்கம் ஒரு கிரவுண்ட் மனை, அதாவது 2,400 சதுர அடி, பல கோடி பேசும். ஆனா எங்க வீடுங்கறது தாத்தா 1984-ல வாங்கின 900 சதுர அடி ஃப்ளாட். தரைத்தளத்துக்கு மேல ரெண்டு மாடி, மொத்தம் ஆறு வீடு. லிஃப்ட் கிடையாது. அப்பா அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகிறார். என் கையில ஆஃபர் லெட்டர் இருக்கு, ஜாயினிங் டேட் இல்லை. (இந்த வரியைப் படிச்சுட்டு எத்தனை பேர் பெருமூச்சு விடுறீங்கன்னு எனக்குத் தெரியும்.)

இப்படி இடத்தின் விலை கோடியிலும், கையில் இருக்கும் பணம் ஆயிரத்திலும் இருக்கும் குடும்பங்கள் கோபாலபுரம், ராயப்பேட்டை, மயிலாப்பூர், அடையாறு என்று சென்னை முழுக்க இருக்கின்றன. அவங்க எல்லாருக்கும் ஒரு நாள் ஒரே கேள்வி வரும்: கட்டடம் பழசாகுது, ரிப்பேருக்கு யார் காசு போடுறது, எவ்வளவு, எப்போ? எங்களுக்கு அந்த நாள் போன வருஷம் வந்தது. அதில் நான் கத்துக்கிட்டதைத்தான் எழுதுறேன். நம்ம வீட்டுல எல்லாரும் கல்யாணத்துக்கு பட்ஜெட் போடுவாங்க, காலேஜ் ஃபீஸுக்கு போடுவாங்க. வீட்டுக்கு மட்டும் யாரும் போடுறதில்லை.

"நீ இன்ஜினியர்தானே, பாரேன்"

போன தீபாவளிக்கு முந்தின வாரம் ரெண்டாவது மாடி அக்கா வீட்டு பெட்ரூம் சீலிங்கிலிருந்து ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு கான்கிரீட் பெயர்ந்து கட்டில் மேல விழுந்தது. அவங்க சின்னப் பையன் தூங்குற கட்டில். அப்போ அவன் ஸ்கூல்ல இருந்தான். விழுந்த இடத்துல துருப்பிடிச்ச கம்பி வரிவரியா தெரிஞ்சுது.

அக்கா முதல்ல கூப்பிட்டது என்னை. "தம்பி, நீ இன்ஜினியர்தானே, கொஞ்சம் வந்து பாரேன்." நான் படிக்கிறது இசிஇ. எனக்குத் தெரிஞ்ச ஒரே கவர் மொபைல் கவர். ஆனா அக்கா முகத்தைப் பார்த்து "இது என் டிபார்ட்மென்ட் இல்லை"ன்னு சொல்ல முடியலை. சிவில் படிக்கிற நண்பனைக் கூட்டிட்டு வந்தேன்.

அவன் கையில கொண்டு வந்தது ஒரு சின்ன ஸ்ப்ரே பாட்டில். உள்ளே பினாப்தலீன். ஆமா, பிளஸ் டூ கெமிஸ்ட்ரி லேப்ல டைட்ரேஷனுக்கு ஊத்தி, பிங்க் வந்ததும் நிறுத்துவோமே, அதேதான். புதுசா உடைச்ச கான்கிரீட் மேல அடிச்சான். உள்பக்கம் பளிச்சுன்னு பிங்க் ஆச்சு. கம்பியைச் சுத்தி இருந்த பகுதி மட்டும் நிறம் மாறவே இல்லை.

அவன் விளக்கினது இதுதான். நல்ல கான்கிரீட் காரத்தன்மை உள்ளது, பிஎச் 12, 13 வரை இருக்கும். அந்தக் காரத்துல கம்பி மேல ஒரு மெல்லிய பாதுகாப்புப் படலம் இருக்கும், துரு பிடிக்காது. ஆனா காற்றில் இருக்கும் கார்பன் டைஆக்சைடு மெதுவா உள்ளே போய் சுண்ணாம்போட வினை புரிஞ்சு பிஎச்சை 9-க்குக் கீழே இறக்கிடும். இதுக்குப் பேர் கார்பனேஷன். அது கம்பியைத் தொட்ட பிறகு, கொஞ்சம் ஈரம் கிடைச்சா போதும், துரு ஆரம்பம். துரு இரும்பை விட அதிக இடம் கேட்கும். ரெண்டு மடங்குக்கும் மேலே உப்பும். உள்ளேயிருந்து தள்ளும். கான்கிரீட் வெடிக்கும், விழும்.

இதுல ஒரு கணக்கு இருக்கு. கார்பனேஷன் உள்ளே போகும் ஆழம், காலத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதம். உதாரணத்துக்கு, 16 வருஷத்துல 10 மி.மீ. போச்சுன்னா, 36 வருஷத்துல 15 மி.மீ. போகும். எங்க வீடு கட்டினப்போ இருந்த 1978-ஆம் வருஷத்து ஐஎஸ் 456 விதியில ஸ்லாப் கம்பிக்குக் கீழே இருக்க வேண்டிய கான்கிரீட் கவர் குறைந்தது 15 மி.மீ. (2000-ல வந்த பதிப்பு, சூழலைப் பொறுத்து 20, 30, 45-ன்னு ஏத்திடுச்சு.) அதாவது யாரும் தப்பு பண்ணாமலேயே, விதிப்படி கட்டின வீட்டுக்கே, நாற்பது வயசு பக்கத்துல இது வரக்கூடியதுதான். நம்ம ஊர்ல கடல் காத்தோட உப்பு வேற.

என் பாட்டிக்கு இந்த கெமிஸ்ட்ரி எதுவும் தேவைப்படலை. "ஓதம் ஏறியிருக்குடா. மேல தளம் போயிடுச்சு"ன்னு ஒரே வரியில முடிச்சுட்டாங்க. ஓதம். சுவர்ல, தளத்துல இறங்குற ஈரத்துக்கு இவ்வளவு அழகான ஒரு வார்த்தை இருக்குன்னு இங்கிலீஷ் மீடியத்துல பதினாலு வருஷம் படிச்ச எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

பாட்டி சொன்னது சரி. மொட்டை மாடியில செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்ட தளம், அதுக்கு மேல பதிச்ச தட்டு ஓடு, ரெண்டுமே அங்கங்கே விரிசல் விட்டிருந்தது. 2015 டிசம்பர் வெள்ளம், 2016 வர்தா, 2023 மிக்ஜாம், இது எல்லாத்தையும் அந்தத் தளம்தான் தாங்கியிருக்கு. பார்க்க வந்த மேஸ்திரி ஒரு விஷயம் சொன்னார்: "தம்பி, தண்ணி எங்க சொட்டுதோ அங்க ஓட்டை இருக்காது. அது எங்கேயோ இறங்கி, எங்கேயோ ஓடி, சௌகரியமான இடத்துல சொட்டும்." சொட்டுற இடத்துல மட்டும் சிமெண்ட் பூசுறது ஏன் வேலைக்கு ஆகாதுன்னு எனக்குப் புரிஞ்சுது.

ஒண்ணு, அஞ்சு, இருபத்தஞ்சு, நூத்தி இருபத்தஞ்சு

சிவில் நண்பன் சொல்லித் தந்த இன்னொரு விஷயம் 'லா ஆஃப் ஃபைவ்ஸ்'. டி சிட்டர் என்பவர் 1984-ல சொன்னது. எங்க வீடு கட்டின அதே வருஷம்! கட்டும்போதே சரியா செய்ய ஒரு ரூபாய் ஆகும். அதை விட்டா, சேதம் தெரியறதுக்கு முன்னாடி பராமரிக்க அஞ்சு ரூபாய். அதையும் விட்டா, சேதம் ஆரம்பிச்ச பிறகு ரிப்பேருக்கு இருபத்தஞ்சு. அதையும் தள்ளிப் போட்டா, மாத்திக் கட்ட நூத்தி இருபத்தஞ்சு. இது துல்லியமான விதி இல்லை, ஒரு மனக்கணக்குதான். ஆனா திசை சரி. தள்ளிப் போடுறது இலவசம் இல்லை. அதுக்கும் வட்டி உண்டு, அந்த வட்டி எந்த வங்கியும் வாங்காத வட்டி.

பணத்தை விடப் பெரிய விலையும் உண்டு. 2021 டிசம்பர் 27-ம் தேதி திருவொற்றியூர்ல நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அடுக்குமாடி ஒண்ணு, 24 வீடுகள் இருந்த பிளாக், அப்படியே சரிஞ்சது. 1993-ல கட்டினது, முப்பது வயசு கூட ஆகலை. விரிசலைப் பார்த்து பயந்து ஆட்களை வெளியேத்தினதால ஒரு உயிர் கூட போகலை. ஆனா 24 குடும்பத்தோட பீரோ, டிவி, சர்டிபிகேட் எல்லாம் அந்த இடிபாட்டுக்குள்ளே.

அதே வருஷம் ஜூன் 24-ல அமெரிக்காவில், ஃபுளோரிடா மாநிலம் சர்ஃப்சைடுல சாம்ப்ளெய்ன் டவர்ஸ் சவுத் என்ற 12 மாடிக் கட்டடத்தின் ஒரு பெரும்பகுதி நடு ராத்திரியில் இடிந்து 98 பேர் இறந்தாங்க. 1981-ல கட்டினது. அதன் பணக்கதை எனக்கு ரொம்ப உறுத்தலா இருந்தது. நீச்சல்குளத் தளத்துக்குக் கீழே வாட்டர்ப்ரூஃபிங் சரியில்லை, கான்கிரீட் பெரிய அளவில் சேதமாகியிருக்குன்னு 2018-லேயே ஒரு இன்ஜினியர் எழுதிக் கொடுத்திருந்தார். ரிப்பேர் செலவு வளர்ந்து வளர்ந்து 2021-ல சுமார் ஒன்றரைக் கோடி டாலர்ல வந்து நின்னது. சங்கத்துக் கையிருப்பு அதுக்குப் பக்கத்துல கூட இல்லை. வீட்டுக்கு 80,000 டாலர்லேருந்து 3,36,000 டாலர் வரை பங்கு. மொத்தமா கட்டுறதா, தவணையில கட்டுறதான்னு சொல்ல கடைசி நாள் ஜூலை 1. கட்டடம் அதுக்கு ஒரு வாரம் முன்னாடி விழுந்தது. விழுந்ததுக்கான தொழில்நுட்பக் காரணம் தனி விசாரணை. ஆனா மீட்டிங், சண்டை, ராஜினாமா, "இவ்வளவு பணமா?" இது மட்டும் எங்க படிக்கட்டுல நடக்குற மீட்டிங் மாதிரியே இருந்தது.

எஸ்டிமேட்

எங்க அசோசியேஷன்ல வீட்டுக்கு மாசம் 1,500 ரூபாய் வாங்குறோம். ஆறு வீட்டுக்கு 9,000. பெருக்குற அம்மா சம்பளம், மோட்டார் கரண்ட், படிக்கட்டு லைட், டேங்க் கழுவுறது எல்லாம் போக மிஞ்சுறது கொஞ்சம். அக்கவுண்ட்ல இருந்தது 38,000 ரூபாய்.

மூணு பேர்கிட்ட ரேட் கேட்டோம். ஒருத்தர் "மொத்தமா மூணு லட்சம் சார், மேல கெமிக்கல் கோட்டிங் அடிச்சுடலாம்"ன்னார். இன்னொருத்தர் ஆறு லட்சம். மூணாவது ஆள் மட்டும்தான் டேப் வச்சு அளந்தார், சதுர அடி ரேட் சொன்னார். அப்புறம் 3,000 ரூபாய் ஃபீஸ் கொடுத்து ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டிட்டு வந்து காட்டினோம். அவர் தூண், பீம் எல்லாம் தட்டிப் பார்த்து, ரீபவுண்ட் ஹாமர் அடிச்சுப் பார்த்து, "இப்போ சரியா பண்ணினா இன்னும் பதினஞ்சு வருஷம் பயமில்லாம இருக்கலாம். விட்டா சொல்ல முடியாது"ன்னு எழுதிக் கொடுத்தார். இந்தக் கதையில நாங்க செஞ்ச மிக லாபமான செலவு அந்த 3,000தான்.

எக்செல்ல வந்த பட்டியல் இது:

மொட்டை மாடி 2,000 சதுர அடி, பழைய தளத்தை எடுத்துப் புதுசா போட, சதுர அடிக்கு 200 வீதம்: 4,00,000
சீலிங், சன்ஷேட், பால்கனி கான்கிரீட் ரிப்பேர்: 1,60,000
பழைய இரும்பு டிரெயினேஜ் பைப்பை மாத்த: 1,10,000
மீட்டர் போர்டு, எர்த்திங்: 60,000
வெளிப்புற பெயிண்ட்: 1,50,000

மொத்தம் 8,80,000. பழைய கட்டடத்துல உடைச்சுப் பார்த்தாதான் உள்ளே என்னன்னு தெரியும். அதனால எதிர்பாராத செலவுக்கு 15 சதவீதம், 1,32,000. ஆக 10,12,000. ஆறால வகுத்தா வீட்டுக்கு 1,68,667 ரூபாய்.

அந்த நம்பரைப் பார்த்துட்டு அப்பா ரொம்ப நேரம் பேசலை. ரிட்டயர்மெண்ட் பணம் இன்னும் வரலை. எனக்கு மாஸ்டர்ஸ் ஆசை இருக்குன்னு ஒரு எஃப்டி போட்டு வச்சிருந்தார். "அதை உடைச்சுக்கலாமா?"ன்னு என்னையே கேட்டார். அப்பா என்கிட்ட பர்மிஷன் கேட்ட முதல் விஷயம் அது. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை.

ஆறு வீடு, ஆறு நியாயம்

மீட்டிங் படிக்கட்டுல நடந்தது. அமெரிக்காவிலிருந்து தரைத்தள ஓனர் ஒருத்தர் வீடியோ கால்ல. அவர் வீடு வாடகைக்கு விட்டது. அவர் நேரா விஷயத்துக்கு வந்தார்: "எதுக்கு பத்து லட்சம்? பில்டர்கிட்ட கொடுத்துடலாம். இடிச்சு லிஃப்ட் வச்சு புதுசா கட்டித் தருவான், நமக்கு ஒரு பைசா செலவில்லை." ரெண்டாவது மாடி அங்கிளும் அதே கட்சி. சீலிங் விழுந்த அக்காவும் அந்தப் பக்கம் சாய்ஞ்சாங்க. குழந்தை மேல விழ இருந்ததைப் பார்த்தவங்க, அவங்களைக் குறை சொல்ல முடியாது.

இங்கே ஒரு சட்டம் வருது. தமிழ்நாட்டுல 1994-ல வந்த அடுக்குமாடி உரிமைச் சட்டத்துக்குப் பதிலா 2022-ல புதுச் சட்டம் இயற்றி, 2024-ல நடைமுறைக்குக் கொண்டு வந்தாங்க. இடிச்சுக் கட்ட எல்லா ஓனரும் சம்மதிக்கணும்னு இல்லை, மூணுல ரெண்டு பங்கு பேர் சம்மதிச்சா போதும். ஆறு வீட்டுல நாலு. ஏற்கெனவே மூணு வந்தாச்சு. எங்க பக்கத்து வீட்டு ரிட்டயர்டு பேங்க் அங்கிள் ரிப்பேர் கட்சி. தரைத்தள மாமியும் அப்படியே. மிச்சம் ஒரே ஒரு வீடு. எங்க வீடு.

மாமிக்கு 78 வயசு. மாமா ரயில்வேயில இருந்தவர், ஃபேமிலி பென்ஷன்ல தனியா இருக்காங்க. பில்டர் பேச்சு வந்ததும் அவங்க சத்தமா எதுவும் சொல்லலை. "ரெண்டு வருஷம், மூணு வருஷம்னு சொல்றேள். வெளில வாடகைக்கு போயிருந்துட்டு, சாவி வாங்கிக்க நான் திரும்பி வரணுமே"ன்னாங்க, அவ்வளவுதான். யாரும் பதில் பேசலை. அமெரிக்கா அங்கிள் வீடியோ கூட கொஞ்ச நேரம் அசையலை, நெட் போச்சா தெரியலை.

ஆனா ரிப்பேர்னு வந்தாலும் மாமிக்கு கஷ்டம்தான். "எனக்கு மொட்டை மாடி ஒழுகவே இல்லையே, நான் ஏன் கொடுக்கணும்?"னு மாமி கேட்கலை. அதைக் கேட்டது வாடகைக்கு விட்டிருந்த அமெரிக்கா அங்கிள். இது எல்லா அசோசியேஷன்லயும் வர்ற கேள்வி. பேங்க் அங்கிள் பொறுமையா பதில் சொன்னார்: "மொட்டை மாடி மேல் வீட்டுக்காரரோடது இல்ல சார், ஆறு பேரோடதும்தான். உங்க தரைத்தளத்து தூண்தான் அவங்க வீட்டைத் தாங்குது, அதுக்கு அவங்க வாடகை கேட்டாங்களா?"

அன்னிக்கு ராத்திரி நானும் அப்பாவும் அந்த எக்செல்லைத் திறந்து வச்சு உட்கார்ந்தோம். பில்டர் வில்லன் எல்லாம் இல்லை. அப்பாவுக்கும் லிஃப்ட் ஆசை இருக்கு, அம்மா முழங்காலுக்குத் தேவையும் இருக்கு. கேள்வி என்னன்னா, 10 லட்சத்துக்குப் பயந்து இடிக்கிறோமா, இல்லை உண்மையிலேயே இடிக்கிற வயசு வந்துடுச்சா? இன்ஜினியர் எழுதிக் கொடுத்த பேப்பர் "இன்னும் பதினஞ்சு வருஷம்"ங்குது. அப்போ பிரச்சினை கட்டடம் இல்லை, ஒரே நேரத்துல கேட்கப்படுற பணம்தான். அதைப் பிரிக்க முடியுமான்னு பார்த்தோம்.

வரிசைப்படுத்தினோம். எல்லாரும் பெயிண்ட்லதான் ஆரம்பிப்பாங்க, ஏன்னா அது கண்ணுக்குத் தெரியும். ஆனா வரிசை தலைகீழ்: முதல்ல உயிருக்கு ஆபத்தானது, அடுத்து தண்ணி உள்ளே வர்ற வழி, அப்புறம் வசதி, கடைசியில அழகு. அப்படிப் பார்த்தா இந்த வருஷம் கட்டாயம் செய்ய வேண்டியது மொட்டை மாடி, கான்கிரீட், மீட்டர் போர்டு மூணும்தான். 6,20,000, அதோட 15 சதவீதம் சேர்த்து 7,13,000. வீட்டுக்கு 1,18,833. பைப் அடுத்த வருஷம். பெயிண்ட் அதுக்கு அடுத்த வருஷம்.

மாமியோட பங்கை மட்டும் மத்த அஞ்சு பேரும் இப்போ ஆளுக்கு சுமார் 23,800 கூடுதலா போட்டு, மாமி மாசம் 5,000 வீதம் 24 மாசத்துல திருப்பித் தரலாம்னு அப்பா யோசனை சொன்னார். அதைக் கொண்டு போய் மாமிகிட்ட சொன்னது நான். "தானமா இருந்தா வேண்டாம்பா. தவணைன்னா சரி, வட்டியும் போட்டுக்கோங்கோ"ன்னாங்க. வட்டி யாரும் கேட்கலை.

அப்பா பில்டருக்கு இப்போதைக்கு வேண்டாம்னு சொன்னார். ரெண்டாவது மாடி அங்கிளுக்கு இன்னும் எங்க மேல வருத்தம்தான், படிக்கட்டுல பார்த்தா சிரிக்கிறதில்லை. என் எஃப்டியில பாதி போச்சு. "மாஸ்டர்ஸ் ரெண்டு வருஷம் வேலை பார்த்துட்டுப் போறேன்ப்பா"ன்னு நானே சொன்னேன். பெரிய தியாகம் எல்லாம் இல்லை. ஒரு கணக்கைப் பார்த்துட்டு எடுத்த முடிவு, அவ்வளவுதான்.

அந்த 1,100 ரூபாய்

இனிமே இப்படி ஒரே அடியா வராம இருக்க என்ன வழி? நம்ம இன்ஜினியரிங் எகனாமிக்ஸ் பேப்பர்ல 'சிங்கிங் ஃபண்ட்'னு ரெண்டு மார்க் கேள்வி வருமே, அதுதான் வழி. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு ஆயுசு உண்டு. அதை மாத்துற செலவை அந்த ஆயுசால வகுத்து, வருஷா வருஷம் எடுத்து வைக்கணும். எங்க வீட்டுக்குப் போட்டுப் பார்த்தேன்:

மொட்டை மாடி 4,00,000, 15 வருஷம்: வருஷத்துக்கு 26,667
பெயிண்ட் 1,50,000, 6 வருஷம்: 25,000
கான்கிரீட் ரிப்பேர் 1,60,000, 10 வருஷம்: 16,000
மோட்டார் 40,000, 8 வருஷம்: 5,000
பைப் 1,10,000, 25 வருஷம்: 4,400
மீட்டர் போர்டு 60,000, 20 வருஷம்: 3,000

வருஷத்துக்கு சுமார் 80,000. ஒரு வீட்டுக்கு 13,345. மாசத்துக்கு 1,112 ரூபாய். வெறும் 1,112! நம்ம குரூப் ஒரு தடவை வெளியே சாப்பிட்டா வர்ற பில். விலைவாசி ஏறும்தான். வருஷம் 6 சதவீதம்னு வச்சா, இன்னிக்கு 4 லட்சம் ஆகிற மொட்டை மாடி வேலை 15 வருஷத்துல 9.6 லட்சம் ஆகும். அதனால சேர்ற பணத்தை எஃப்டியில போடணும், மாசத் தொகையை வருஷா வருஷம் கொஞ்சம் ஏத்தணும்.

நெட்ல தேடினா 'வீட்டு மதிப்புல வருஷம் ஒரு சதவீதம் பராமரிப்புக்கு ஒதுக்கு'ன்னு ஒரு அமெரிக்க விதி வரும். அதை அப்படியே கோபாலபுரத்துல போட்டா தலை சுத்திடும், ஏன்னா இங்கே மதிப்புல பெரும்பங்கு மண்ணு. மண்ணு ஒழுகாது, துரு பிடிக்காது. கட்டடத்துக்கு மட்டும் பார்க்கணும். 900 சதுர அடி, திரும்பக் கட்ட சதுர அடிக்கு 2,500ன்னு வச்சா 22.5 லட்சம். அதுல ஒரு சதவீதம் 22,500. பொதுச் செலவுக்கு 13,345 போக, வீட்டுக்குள்ளே குழாய், வயரிங், ஜன்னல், உள்பெயிண்ட்டுக்கு சுமார் 9,000. ரெண்டு வழியில போட்ட கணக்கும் ஒத்துப் போறதைப் பார்த்ததும் லேப்ல ரீடிங் சரியா வந்த மாதிரி ஒரு சந்தோஷம்.

ஜப்பான்ல அடுக்குமாடி வீட்டுக்காரங்க மாசாமாசம் ரெண்டு தொகை தனித்தனியா கட்டுறாங்க. ஒண்ணு பெருக்க, லைட் போட ஆகிற பராமரிப்புச் செலவு. இன்னொண்ணு பெரிய ரிப்பேருக்கான சேமிப்பு. பொதுவா பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை சாரம் கட்டி முழுக் கட்டடத்தையும் பார்ப்பாங்க. நாம ரெண்டையும் ஒரே 1,500-ல போட்டு, முதலாவதுக்கே செலவழிச்சுடுறோம்.

உங்க வீட்டுக்கு

நீங்க எந்த டிபார்ட்மென்டா இருந்தாலும் உங்க வீட்டுல, தெருவுல "நீ இன்ஜினியர்தானே"ன்னு ஒரு நாள் கூப்பிடுவாங்க. அப்போ உதவும்னு சில விஷயம்.

ரேட் கேட்கும்போது மொத்தத் தொகை வாங்காதீங்க. எந்த வேலை, எத்தனை சதுர அடி, என்ன ரேட்னு பிரிச்சு எழுதி வாங்குங்க. சாரம் யார் கட்டுறது, இடிச்ச மண்ணை யார் லாரியில ஏத்துறதுன்னு முன்னாடியே கேளுங்க. 2025 செப்டம்பர் 22-லேருந்து சிமெண்ட் ஜிஎஸ்டி 28-லேருந்து 18 சதவீதம் ஆயிடுச்சு. பழைய எஸ்டிமேட் கையில இருந்தா மறுபடி கேளுங்க.

நேரம் முக்கியம். வடகிழக்குப் பருவமழை அக்டோபர்லேருந்து டிசம்பர். ஒழுகுறப்போ எல்லாரும் ஓடுவாங்க, அப்போ ஆளும் கிடைக்காது, ஈரத்துல வேலையும் நிக்காது. பொங்கலுக்கு ஊருக்குப் போன ஆட்கள் திரும்பி வந்ததும், தை கடைசியிலேருந்து சித்திரை வரைக்கும்தான் சரியான காலம். முடிஞ்சதும் மாடியில தண்ணி தேக்கி ரெண்டு நாள் பாருங்க. பணத்தை வேலை நடக்க நடக்கப் பிரிச்சுக் கொடுங்க. கடைசி 10 சதவீதத்தை ஒரு மழைக்காலம் தாண்டின பிறகு கொடுக்கிறதா முதல்லயே பேசிடுங்க.

கடன் வாங்கித்தான் ஆகணும்னா, நாம குடியிருக்கிற வீட்டு ரிப்பேர் கடனோட வட்டியில வருஷம் 30,000 ரூபாய் வரை வருமான வரியில கழிவு உண்டு, பழைய வரி முறையில மட்டும். வங்கிக் கடனே போதும், தெருமுனை வட்டிக்குப் போக வேண்டாம்.

எல்லாத்துக்கும் முன்னாடி, இந்த வார இறுதியில வீட்டுக்குப் போனா மூணு கேள்வி கேளுங்க. நம்ம வீடு எந்த வருஷம் கட்டினது? மொட்டை மாடித் தளம் கடைசியா எப்போ போட்டது? ரிப்பேருக்குன்னு தனியா எவ்வளவு இருக்கு? மூணாவதுக்கு பெரும்பாலும் சிரிப்புதான் பதிலா வரும். அங்கேயிருந்து ஆரம்பிங்க.

எங்க மாடி வேலை தை கடைசியில ஆரம்பிச்சுது. இதை எழுதும்போது மேலே தட்டு ஓடு பதிக்கிற சத்தம் கேட்குது. சேமிப்புக்குத் தனி அக்கவுண்ட் திறந்தாச்சு, அதுக்குப் பொருளாளர் மாமிதான். கல்யாணமானதுலேருந்து வீட்டுக் கணக்கு நோட்டு எழுதுறவங்க, எங்க எல்லாரையும் விடக் கறார். என் எக்செல் ஷீட்டை பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கிட்டு ஒவ்வொரு வரியா பார்த்துட்டு, "மோட்டாருக்கு எட்டு வருஷமா? நம்ம உப்புத் தண்ணிக்கு ஆறு போடுப்பா"ன்னாங்க. மாத்திட்டேன். மாசத் தொகை 23 ரூபாய் கூடியிருக்கு.